கரடித் தோலும் கிராணி வேலையும்

பிரெஞ்சுக் கம்பெனித் துரை நிமிர்ந்து பார்த்ததும், தனக்கு ஓநாய்ப் பசி என்று வேலாயுதம் பிரெஞ்சில் சொன்னான். வேலைக்கு அலைகிறேன் என்பதை அவனால் அப்படித்தான் சொல்ல முடிந்தது. துரை பால் கலந்த தேநீரை ஒரு வாய் குடித்தார்.

கிள்ளானுக்கு அப்பால் அந்த ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை காலி. வேலாயுதம் மிஷன் பள்ளியில் ஏழாவது வரை இங்கிலீஷ் படித்தவன். படித்த தலையில் ஏறியதென்னவோ பிரிக்பீல்ட்ஸ் சூளைச் செங்கல்தான். இதுவும் கை நழுவினால் சுமந்து சுமந்தே சாக வேண்டியதுதான்.

கூடச் சுமக்கும் நாகையா, காரைக்காலில் ஒரு பிரெஞ்சு அதிகாரிக்குச் சமைத்துப் போட்டவன். அந்த அதிகாரி பசித்தாலும் வைதாலும் காட்டு மிருகங்களை வைத்தே பேசுவாராம். நாகையா கற்ற பிரெஞ்சும் அந்தக் காட்டோடு சரி. அதை அப்படியே வேலாயுதத்துக்கு இறக்கிவிட்டு, ஓர் எச்சரிக்கையும் சொல்லியிருந்தான்.

"இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை வந்துச்சு, தொலைஞ்சே. பிரெஞ்சுக்காரனுங்களுக்கு அது ஆகாது. தமிழ்ல கேட்டாலும் பிரெஞ்சுலயே சொல்லு, சோதிச்சுப் பாப்பானுங்க."

"செங்கல்லு ஏத்துன தலைதானே. கரடிய ஏத்துனா வேணாம்னா சொல்லப்போவுது?" என்றான் வேலாயுதம்.

துரை இப்போது தோட்டத் தமிழில், ரப்பர்ப் பால் கணக்கு எழுத வருமா என்று கேட்டார். கரடியைக் கொல்லுமுன் தோலை விற்க மாட்டேன் என்று பிரெஞ்சில் பதில் வந்தது. வராத பாலை வந்ததாக எழுத மாட்டானாம். ஆட்களின் பெயர் நினைவில் நிற்குமா என்றதற்கு, யானையின் ஞாபகம் என்றான்.

துரையின் புருவம் ஏறியது. தாய்க்கரடி நக்காமல் விட்ட குட்டி என்று நாகையா சொன்ன சிடுமூஞ்சி ரகம் போலிருக்கிறது என்று வேலாயுதம் மனத்தைத் தேற்றிக்கொண்டான்.

துரை அவன் தோளையும் கைகளையும் ஒருமுறை பார்த்தார். "நாளைக்குக் காலையில பெரட்டுக்கு வா" என்றார்.

பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் பதிவது கிராணி. வேலாயுதத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. வெளியே வந்து நிற்பதற்குள் ஒரு வெள்ளைச் சட்டை தைத்து, நாகையாவுக்கு வேட்டி எடுத்து, சூளைக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டான். எல்லாம் மனத்துக்குள்தான்.

அதற்குள் துரை கங்காணி சின்னையாவை உள்ளே கூப்பிட்டு ஏதோ சொன்னார். திரும்பி வந்த சின்னையா, ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் கத்தி ஒன்றை வேலாயுதத்திடம் நீட்டினார். கிராணிக்கு எதற்குக் கத்தி அண்ணே என்று இவன் சிரித்தான்.

"கம்பெனிதான்டா பிரெஞ்சு, துரை லண்டன்காரரு. இங்கிலீஷ் தெரியாத பயல கிராணியா வைக்க முடியாதுன்னுட்டாரு."