ஓட்டத் தெரியாதவள்

"இது பஸ்ஸா, மாவு மெஷினா? கிளட்சை முழுசா மிதி!"

வெல்கோவின் குரல் கடைசி சீட் வரை கேட்டது. பஸ் ஓட்டிக்கொண்டிருந்த நெவேனா திரும்பிப் பார்க்கவில்லை.

"சரி மாமா."

"என்ன சரி? நேத்தும் சரின்னே. மலை ரோட்டுல வண்டி ஓட்டணும்னா கையில வித்தை இருக்கணும். உனக்கு எதுக்கு இந்த வேலை? போய் ஆடு மேய்!"

"சரி மாமா."

பல்கேரியாவின் ரோடோப் மலையிலிருந்து டவுனுக்குப் போகும் அந்தக் காலை பஸ்ஸை முப்பது வருடம் ஓட்டியவர் வெல்கோ. போன வருடம் ஒரு தனியார் கம்பெனி அந்த ரூட்டை எடுத்தது. எடுத்ததும் செய்த முதல் நல்ல காரியம், அறுபதைத் தொட்டவர்களை வீட்டுக்கு அனுப்பியதுதான். கை குலுக்கி ஆளுக்கொரு பேனா கொடுத்தார்கள். ஸ்டியரிங் பிடித்த கைக்குப் பேனா.

மறுநாளிலிருந்து வெல்கோ டிக்கெட் வாங்கிக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறினார். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட். டவுனில் ஒரு ரொட்டி வாங்குவார். அதே பஸ்ஸில் திரும்புவார்.

"சம்பளம் வாங்கி ஓட்டின பஸ்ஸுல காசு குடுத்துப் போற ஒரே மனுஷன் நீங்கதான்," என்றாள் மனைவி தோன்கா. "ரொட்டி நம்ம ஊர்லயே விக்குது."

"ரொட்டிக்காகவா போறேன்? நான் பக்கத்துல இல்லேன்னா அந்தப் பொண்ணு வண்டியைப் பள்ளத்துல விட்டுடுவா."

அதை அவர் உண்மையாகவே நம்பினார். வேலை போன பிறகு, காலையில் எழுந்து முகம் மழித்துக்கொள்ள அவருக்கு இருந்த ஒரே காரணமும் அதுதான்.

பஸ்ஸில் வருகிறவர்களும் ஒத்து ஊதினார்கள். "நீ ஓட்டினப்போ தூக்கம் வரும் வெல்கோ. இப்ப வாந்தி வருது," என்பாள் முட்டை விற்கப் போகும் பென்கா. அன்றைக்கு முழுக்க வெல்கோ நன்றாகச் சாப்பிடுவார்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம், தங்கை புருஷன் இறந்த நாற்பதாம் நாள் சடங்குக்காக மேல் கிராமத்துக்குப் போனார். போன இடத்தில் பல்வலி வந்துவிட்டது. காலையில் தாடையைச் சுற்றிக் கம்பளித் துணி கட்டிக்கொண்டு, பல்லைப் பிடுங்கிவிடலாம் என்று அங்கேயே பஸ் ஏறினார். நல்ல பனிமூட்டம். திட்டுவதற்கு வாயைத் திறக்க முடியாது. அதனால் பின்கதவால் ஏறிக் கடைசி சீட்டில் சுருண்டுகொண்டார்.

வெல்கோவின் ஊர் வந்தது. நெவேனா பஸ்ஸை நிறுத்திக் கீழே இறங்கிப் பார்த்தாள்.

"வெல்கோ மாமாவைக் காணோமே?"

"உடம்புக்கு என்னமோ," என்றபடி பென்கா ஏறினாள்.

"கொஞ்சம் நின்னு பார்ப்போம்."

நின்று பார்த்தாள். பிறகு மனசில்லாமல் வண்டியை எடுத்தாள்.

அடுத்தது கொண்டை ஊசி வளைவு. தினமும் கியர் கதறுகிற இடம். வெல்கோ கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

சத்தமே வரவில்லை. கியர் விழுந்தது தெரியாமல் பஸ் வழுக்கிக்கொண்டு திரும்பியது. அடுத்த வளைவும் அப்படியே. அந்த வளைவை இப்படித் திருப்ப வெல்கோவுக்கே பத்து வருடம் ஆயிற்று.

பென்காவின் மடியில் கூடை திறந்தே இருந்தது. ஒரு முட்டைகூட உருளவில்லை.

"அடிப் பாவி! இவ்வளவு நல்லா ஓட்டத் தெரிஞ்சவ, தினம் எதுக்குடி என் முட்டையை உடைக்கிற? டவுன்காரங்க ஈஸ்டருக்குச் சாயம் போடுறதுக்கு முட்டை முட்டைன்னு அலையுற நேரம்!"

"முதல் நாள் இப்படித்தான்கா ஓட்டினேன். வளைவு தாண்டினதும் கண்ணாடியில பார்த்தா, மாமா முகத்துல ஈயாடல. செத்துப்போன மாதிரி உட்கார்ந்திருந்தாரு. ரெண்டாவது நாள் தெரியாத்தனமா கியர் ஒண்ணு கரகரத்துச்சு. மனுஷன் எழுந்து நின்னு திட்டினாரு பாருங்க, பத்து வயசு குறைஞ்ச மாதிரி! அதுக்கப்புறம் நான் எப்படிக்கா ஒழுங்கா ஓட்டுறது?"

பென்கா கூடையை மூடினாள். பிறகு, "சரி, நாளையிலருந்து கூடையில வைக்கோல் கூட வச்சுக்கிறேன்," என்றாள்.

வெல்கோ கம்பளித் துணியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

பல்லைப் பிடுங்கிக்கொண்டு, மரம் ஏற்றப்போகும் லாரி ஒன்றில் தொற்றி வீடு வந்து சேர்ந்தார்.

"நாளைக்குப் போறீங்களா?" என்றாள் தோன்கா.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பல் பிடுங்கிய வாய், வலிக்கும் என்று அவள் விட்டுவிட்டாள்.

அவருக்கு வலித்தது வேறு. கம்பெனிக்காரனாவது முகத்துக்கு நேரே போகச் சொன்னான். இவள் யார் இரக்கப்பட? இனி அந்த பஸ் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று சாயங்காலம் முடிவு செய்தார்.

காலையில் முகம் மழித்துக்கொண்டு நிறுத்தத்தில் நின்றார்.

முதல் சீட். வளைவு வந்தது. கியர் கதறியது. பஸ்ஸே பேச்சை நிறுத்திவிட்டு அவர் வாயைப் பார்த்தது. நெவேனாவும் கண்ணாடியில் பார்த்தாள்.

வெல்கோ மெதுவாக எழுந்து நின்றார்.

"உன்னை நம்பி ஆட்டைக்கூட விட முடியாதுடி!"

"சரி மாமா," என்றாள் நெவேனா, நிம்மதியாக.

டவுனில் எல்லோரும் இறங்கும் வரை அவர் எழுந்திருக்கவில்லை. பிறகு டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நாளையிலருந்து பிரேக்கை மட்டும் தப்பாப் போடும்மா. கியரை விட்டுடு. அது வாயில்லா ஜீவன்."