இன்டர்வெல் கோல்

"சார், இந்த வெள்ளைச் சட்டை டீமோட கோச் சினிமாவுக்குப் போயிருக்க வேண்டியவர்!"

எடிட்டர் கணினித் திரையைக் காட்டிச் சிரித்தார். பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் சிரிக்கவில்லை. விசிலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். மைதானத்தை ஒட்டிய அந்தச் சின்ன அறையில் ஈரக் காலணி வாடை மூக்கைத் துளைத்தது.

எடிட்டரின் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. "உங்க படம் ஜவ்வா இழுக்குது" என்று ஒரு இயக்குநரிடமே போட்டு உடைத்ததிலிருந்து அவருக்கு வேலை இல்லை. இந்தக் கால்பந்து கிளப்பில் ஆட்டங்களை வெட்டி, விளக்கிச் சொல்ல ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்திருந்தார்.

"போற இடத்துலயாவது வாயை அடக்குங்க. கோச்சை நாலு வார்த்தை புகழ்ந்துட்டு வாங்க" என்று மனைவி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

பரீட்சைக்கு ஒரு பழைய ஆட்டத்தைக் கொடுத்திருந்தார்கள். உயரத்திலிருந்து எடுத்த, சத்தமே இல்லாத வீடியோ. ஒரு அணி நீலம், இன்னொன்று வெள்ளை. கிளப்பின் வாசல் சுவரே நீலம்தான். யாரைப் புகழ வேண்டும், யாரைக் கிழிக்க வேண்டும் என்பதில் எடிட்டருக்குக் குழப்பமே இல்லை.

"அது என்ன சினிமா?" என்றார் பயிற்சியாளர்.

"அழகழகா ஃப்ரேம் வைக்கிறார் சார். பந்து இங்க, அங்க, திரும்ப இங்க. கதை நகரணுமே? அவார்டுக்குப் படம் எடுக்கிற டைரக்டர் மாதிரி. கேமரா ஜன்னலையே பார்த்துக்கிட்டு இருக்கும், தியேட்டர்ல பாதிப் பேர் தூங்கிடுவாங்க."

விசில் சுற்றுவது நின்றது. "அப்புறம்?"

"நீலத்தைப் பாருங்க, பக்கா கமர்ஷியல்! முதல் பாதி முழுக்க அடி வாங்கற மாதிரி பாவ்லா. வெள்ளை அதை நம்பி மொத்தமா முன்னால வந்ததும் ஒரே ஓட்டம், கோல்! சரியா இன்டர்வெல்லுக்கு முன்னாடி. இதுக்கெல்லாம் தனி மூளை வேணும் சார்" என்று குழைந்தார்.

பயிற்சியாளர் ஜன்னல்வரை போனார், திரும்பினார், மறுபடி போனார்.

"வெள்ளை ஜெயிக்கணும்னா என்ன பண்ணணும்?"

"அந்தக் கோச்சுக்குத் தன் ஷாட் மேல இருக்கிற காதல் போகணும். நடுவுல ரெண்டு பேர் சும்மா பந்தைத் தடவிக்கிட்டு நிக்கறாங்க. நானா இருந்தா முதல் வேலையா அந்த சீனைத்தான் தூக்குவேன்."

பயிற்சியாளரின் முகம் சிவந்துபோயிருந்தது. பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்சம் அதிகமாகவே ஜால்ரா அடித்துவிட்டோமோ என்று எடிட்டர் சட்டென்று வீடியோவை நிறுத்தினார்.

"நாளைக்கே வேலைக்கு வந்துடுங்க."

எடிட்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ரொம்ப நன்றி சார்!"

"நான்தான் நன்றி சொல்லணும். எதிர் டீமுக்கும் நம்ம நீலக் கலர்தான், அதனால அன்னிக்கு நாங்க வெள்ளை போட்டு ஆடினோம். என் ஆட்டத்தை என் மூஞ்சிக்கு நேராவே இப்படிக் கிழிக்க வேற எவனுக்குத் தைரியம் வரும்?"

அந்தத் தைரியசாலி மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, "அது... என் சுபாவமே அப்படித்தான் சார்" என்றார்.