பென்சில் கோடு

விசாலம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே, பிசியோதெரபி பெண் அவளை உடற்பயிற்சிக்கான பெரிய நீலக் காற்றுப் பந்தின்மேல் உட்காரவைத்து, உச்சந்தலைக்கு நேராகச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனாள். தலை கோட்டுக்குக் கீழே இறங்கினால் பந்தில் காற்று குறைந்துவிட்டது என்று அர்த்தம். சற்குணம் ஞாயிறுதோறும் மனைவியை உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, கால்பம்பை நாலு மிதி மிதிப்பார்.

இரண்டு மாதமாகப் பம்புக்கு வேலையே இல்லை. தலை கோட்டைத் தாண்டி இரண்டு விரல்கடை மேலே நின்றது. நல்ல பந்தாக வாய்த்துவிட்டது என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்று குளிப்பாட்டி முடித்து அவளைத் தூக்கியபோது, தண்ணீர் இருக்கிறதென்று நினைத்துத் தூக்கிய காலிக் குடம்போலக் கை விசுக்கென்று மேலே போய்விட்டது. அப்போதுதான் சுவரில் தலை உயர்ந்ததன் காரணம் அவருக்குப் புரிந்தது.

மதியம் அவள் கண்ணயர்ந்ததும், ஸ்பூன் காம்பால் பந்தின் அடைப்பை நெம்பி எடுத்தார். சத்தம் வராமலிருக்க விரலால் பொத்திப் பொத்திக் காற்றை விட்டார்.

சாயங்காலம் விசாலம் உட்கார்ந்தபோது பந்து நன்றாக அமுங்கியது. அவள் இரண்டு கையாலும் அதைத் தடவிப் பார்த்தாள்.

“என்னங்க, அமுங்குது பாருங்க. உடம்புல கொஞ்சம் சதை பிடிச்சிருக்குபோல.”

“அப்படித்தான் தெரியுது.”

“ரெண்டு வாய் கூடச் சாப்பிடுறேன்ல, அதான். அடுத்த ஞாயிறு இன்னும் அமுங்கும்.”

“அமுங்கும்,” என்றார் சற்குணம்.