விழுங்கிய சொல்

'சின்னத்தை, சுகப்பிரசவம் ஆகணும்னா குனிஞ்சு வீடு துடைக்கணும்கிறீங்களே, உங்க வீட்ல துடைக்கிறது யாரு?'

அகிலா அதை வாய்க்கு வரவிடாமல் விழுங்கிவிட்டு, தனக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்த மாமியாரின் தங்கையைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணாடி வளையல்களுக்கு நடுவே கையில் கட்டியிருந்த பட்டை 'கீங் கீங்' என்று கத்தியது. வளைகாப்புக் கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"அம்மா, எதையோ முழுங்கிட்டே! சொல்லிடும்மா, பாப்பா பாவம்" என்றாள் ஏழு வயது மகள் இழையினி.

இழையினியின் எதிர்ப்புச் சக்தி அவளுடைய தைராய்டையே தாக்குகிறது. அவள் கருவில் இருந்தபோது அகிலா அடக்கிய கோபம்தான் அதற்கான மரபணுக்களின் பூட்டைத் திறந்துவிட்டது என்றார் மருத்துவர். வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் அப்படி ஆகாமலிருக்கத்தான் இந்தப் பட்டை. கோபத்தை அடக்கினால் அது கத்தும்; மனதில் இருப்பதைச் சொல்லிவிட்டால் ஓய்ந்துவிடும்.

அகிலா சொல்லிவிட்டாள். பட்டை ஓய்ந்தது.

"எங்க வீட்ல மிஷின் துடைக்குது. அதுக்கென்ன இப்போ?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள் சின்னத்தை.

மாமியார் அகிலாவின் காதோரம் குனிந்தார். "மானம் போகுதும்மா. அடுத்து எங்க பெரியக்கா வர்றாங்க. அவங்க போற வரைக்கும் அதைக் கழட்டி வையேன்."

இந்த வீட்டில் இத்தனை வருடம் சிரித்த சிரிப்பெல்லாம் மகளின் கழுத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று அகிலாவுக்குத் தோன்றியது.

"இருக்கட்டும் அத்தை" என்றாள் மெதுவாக. "பெரியத்தையை வரச் சொல்லுங்க."