போர்ச்சேவகனின் தோள்வார்

மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலின் பின்னறையில், பெரிய வெள்ளிக்கிழமை வெயில் அட்டைக் கவசத்தின் வெள்ளிப் பூச்சில் பட்டுச் சுவரெல்லாம் நெளிகிறது. வெளியே மரச்சிலுவையை இழுத்து வைக்கும் சத்தம். போன வருடச் சிலுவைப்பாதை நாடகத்தில், இயேசுவாக நடித்து விழுந்த ரொனியைத் தூக்கக் குனிந்த சேவகனுக்குத் தோள்வார் அறுந்து கவசம் கழன்று விழ, அழுதுகொண்டிருந்த சனமெல்லாம் சிரித்துவிட்டது. அந்தச் சேவகன் இப்போது கொழும்பில் வேலை செய்கிறான். இந்த வருடம் சேவகன் ஷிராணிதான். அறுந்த வாருக்குப் போட்ட தையலை அவள் நம்பவில்லை. தன் கொழுந்துக் கூடையின் கயிற்றையே அவிழ்த்து வந்திருக்கிறாள். அட்டை கிழியாதிருக்கத் துளைகளுக்கு அடியில் பழைய செருப்பு ரப்பரை வெட்டி வைத்து, கயிற்றை அதற்குள் விட்டு, கூடைக்குப் போடும் அதே முடிச்சைப் போட்டு, முழங்காலை ஊன்றி இறுக்குகிறாள். பிறகு கவசத்தை மாட்டிக்கொண்டு, முள்முடியோடு நிற்கும் ரொனியின் முன்னால் வருகிறாள். "வாரப் புடிச்சு இழுங்கண்ணே." "அறுந்துட்டா?" என்கிறான் அவன். "இழுங்க." ரொனி இரண்டு கைகளாலும் பிடித்துத் தொங்குகிறான். அட்டை முனகுகிறது, முடிச்சு அசையவில்லை. காலை அகட்டி நின்றபடியே ஷிராணி சொல்கிறாள்: "இனி பயப்படாம கீழ விழுங்கண்ணே. நான் தூக்கி விடுறேன்."