தொடாதேன்னு ஒரு வரி

1945. அமெரிக்காவின் ஓரிகன் மலைக்காட்டு ஊரின் பத்திரிகை அலுவலகத்துக்குள் வெர்னா புயல்போல நுழைந்தாள். அச்சுக் கோர்க்கும் ஓடிஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கி நின்றான். அன்றைய இதழை ஆசிரியர் பெரினின் மேஜைமேல் விசிறியடித்தாள்.

“‘காரணம் தெரியாத வெடிவிபத்தில் சிறுமி பலி.’ காரணம் உங்களுக்குத் தெரியாது?”

பெரின் தலை நிமிரவில்லை. “தெரியும். ஜப்பான்காரன் பலூன்ல குண்டைக் கட்டிக் கடல் தாண்டி அனுப்புறான்.”

“எப்பலேர்ந்து தெரியும்?”

“குளிர்காலத்துலேர்ந்து. எதையும் அச்சடிக்கக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. இங்க வந்து விழுறது தெரிஞ்சா அவன் இன்னும் அனுப்புவான்.”

“அவனுக்குத் தெரியக் கூடாதுன்னு எங்க கண்ணைக் கட்டிட்டீங்க! வெள்ளையா ஏதோ கிடக்குதேன்னு என் டெல்லா போய்த் தொட்டிருக்கா. காட்டுல கிடக்கிறதைத் தொடாதீங்கன்னு ஒரு வரி போட்டிருந்தா என்ன குடி முழுகிப் போயிருக்கும்?”

“இது போர்க்காலம். நாட்டுக்குக் கட்டுப்பட்டவன் நான்.”

“அவ செத்த சேதியிலகூடப் பொய் எழுதினீங்களே, கை கூசலையா?”

பெரின் நாற்காலியில் கிடந்த தன் மேல்கோட்டை எடுத்தார். “எல்லாரும் பாக்குறாங்க. வா வெர்னா, நம்ம வீட்டுக்குப் போகலாம்.”

அவள் கோட்டைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள்.

“பத்திரிகையில போடத்தானே தடை? தினமும் சாப்பாட்டு மேஜையில உங்களுக்கு எதிர்ல உட்கார்ந்திருந்தாளே, நீங்க பெத்த பொண்ணு... அவ காதுல சொல்றதுக்கும் உத்தரவு வேணுமா உங்களுக்கு?”