இரண்டு நிற மப்ளர்

சண்டை ஓய்ந்து, சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துப்போனவர்கள் ஒவ்வொருவராகப் பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த 1945ஆம் ஆண்டின் கடைசி. சீதாலெட்சுமி தன் கணவன் தம்புசாமியின் சாம்பல் நிற ஸ்வெட்டரைப் பிரித்து, தன் சிவப்புச் சால்வையின் நூலையும் சேர்த்து, குரோஷா ஊசியால் மப்ளர் பின்னத் தொடங்கியிருந்தாள்.

"நல்ல ஸ்வெட்டரைப் போய்ப் பிரிச்சிட்டீங்களே அக்கா!" என்றாள் பக்கத்து வீட்டு ஆரிஃபா.

"பாசார்ல கம்பளி நூல் ஏது ஆரிஃபா?"

"அது சரி, ஏன் இப்படி மேடு மேடாப் பின்றீங்க?"

"கனமா இருந்தாத்தான் குளிர் தாங்கும். சயாம் காய்ச்சல் இன்னும் விடல. உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது."

ஆரிஃபாவின் முகம் மலர்ந்தது. "அப்போ அண்ணன் வந்துட்டாரா? எந்த ஆஸ்பத்திரியில இருக்காரு?"

சீதாலெட்சுமியின் கை நின்றது.

"இது உமர்னு ஒருத்தருக்கு. நேத்துத்தான் ஆஸ்பத்திரியில பார்த்தேன். உங்க அண்ணன் காட்டுல கண்ணை மூடினப்போ, மேல போட ஒரு துணிகூட இல்லையாம். இவர்தான் தன்கிட்ட இருந்த ஒரே போர்வையைப் போர்த்திப் புதைச்சிருக்காரு."

ஆரிஃபா அவளருகே உட்கார்ந்தாள். தரையில் கிடந்த சிவப்பு நூலை மடியில் எடுத்துப் போட்டுச் சிக்கெடுக்க ஆரம்பித்தாள்.